ஓடத்தங்குடிக்குச் சிவப்பு ஊசி

தஞ்சாவூரில் எங்கள் அலுவலகத்துக்கு மூன்று வருஷத்தில் மூன்று பெயர். நான் வேலைக்குச் சேர்ந்தபோது அது விவசாய அபிவிருத்தி விஸ்தரிப்புக் காரியாலயம். மந்திரி மாறியதும் வேளாண் நவீன முறைப் பரவல் அலுவலகம் ஆனது. பிறகு 'நவீன' வடசொல் என்று யாரோ மேலிடத்துக்கு எழுதிப்போட, வேளாண் புதுமுறைப் பரவல் அலுவலகம் என்று இன்னொரு தடவை மாறியது. ஒவ்வொரு தடவையும் போர்டு எழுதுகிறவர் ஏணியோடு வந்தார். பழைய கவர்களில் பழைய பெயரை மை போட்டு அடிக்கிற வேலை எனக்கு வந்தது. மற்றபடி உள்ளே எதுவும் மாறியதாக ஞாபகமில்லை.

என் பெயர் ஹாஜா மைதீன். இளநிலை உதவியாளர், தற்காலிகம். அய்யம்பேட்டையிலிருந்து தினமும் ரயிலில் வந்து போகிறவன். பதிவேட்டில் என்ன எழுதியிருந்தாலும் என் வேலை ஊசி குத்துவதுதான். அலுவலகச் சுவர் முழுக்க ஒரு ஜில்லா படம் மாட்டியிருந்தது. புதுமுறை வந்து சேர்ந்த ஊருக்குச் சிவப்புக் கொண்டை வைத்த ஊசி. வழியில் இருந்தால் மஞ்சள். இன்னும் புறப்படவே இல்லையென்றால் வெள்ளை. "வழியில என்றால் எந்த பஸ்ஸில சார் ஏறியிருக்கு?" என்று சேர்ந்த புதிதில் கேட்டேன். யாரும் சிரிக்கவில்லை. அப்புறம் நானும் கேட்பதை விட்டுவிட்டேன்.

படத்துக்குப் பக்கத்தில் ஐந்து படிகள் வரைந்த ஒரு அட்டை. முதல் படியில் கையில் டிரான்சிஸ்டரும் கைக்கடிகாரமுமாக ஒருவர். அவர் முன்னோடி விவசாயி. கடைசிப் படியில் கோவணம் கட்டிய ஒரு ஆள் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அவர் பின்தங்கிய விவசாயி. புதுமுறை ஆராய்ச்சிப் பண்ணையில் பிறந்து, எங்களிடம் வந்து, முன்னோடியிடம் போய், ஒவ்வொரு படியாக இறங்கி, கோவண ஆளிடம் வந்து சேர ஆறு வருஷம் ஆகும் என்று எங்கள் அதிகாரி பஞ்சநதம் கணக்குப் போட்டு வைத்திருந்தார். பாபநாசம் பக்கத்து ஓடத்தங்குடிக்கு அது 1974 ஆவணியில் போய்ச் சேரும். அந்த ஊரில் என் கையால் குத்திய வெள்ளை ஊசி இருந்தது.

எழுபத்திரண்டாம் வருஷம் மாசி மாதம் ஒரு திங்கட்கிழமை, மாதிரி அறுவடைப் படிவங்கள் வந்தன. ஊருக்கு ஒரு வயலைச் சீட்டுப் போட்டு எடுத்து, நான்கு மூலையில் முளையடித்துக் கயிறு கட்டி, உள்ளே இருக்கிற கதிரை அறுத்து நிறுத்துப் பார்க்கிற பரிசோதனை அது. ஓடத்தங்குடியில் மாவுக்குப் பன்னிரண்டு கலம் நெல் கண்டாலே பெரிசு. படிவத்தில் இருபது என்று இருந்தது. ஒற்றை நாற்று, கயிறு பிடித்து அகல நடவு என்று குறிப்பும் இருந்தது. எங்கள் புதுமுறையும் அச்சாக அதுதான்.

பஞ்சநதம் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கெட்ட மனுஷர் என்று அவரைச் சொல்ல மாட்டேன். எனக்கு நோன்புக் காலத்தில் நான்கு மணிக்கே போக அனுமதி கொடுப்பவர். அன்றைக்கு அவர் முகத்தில் பயம் தெரிந்தது.

"பாய், நாம இன்னும் அனுப்பவே இல்லையே. எப்படிப் போச்சு?"

"விளைஞ்சிருக்கு சார்."

"விளைஞ்சது இருக்கட்டும். எப்படிப் போச்சுன்னு கேக்கறேன்."

இரண்டு நாள் கழித்து அந்த வயல்காரரே நேரில் வந்து நின்றார். பெயர் மருதையன். நாற்பது வயது இருக்கும். வாசற்படியிலேயே செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். கீழே வையுங்கள் என்று சொன்ன பிறகும் வைக்கவில்லை.

"ஐயா, ஒரு காயிதம் வேணுங்க. தை மாசம் எங்க வயல்ல கயிறு கட்டி அறுத்தாருங்களே, பட்டுக்கோட்டைப் பக்கத்து ஐயா ஒருத்தரு. சாகுபடி பண்றது யாருன்னு கேட்டாரு. நாந்தாங்கன்னேன். எம் பேரை எழுதிக்கிட்டாரு. அதுல ஒரு நகல் குடுத்தீங்கன்னா போதும்."

விஷயம் இதுதான். ஆறு மா நிலம், அதாவது இரண்டு ஏக்கர், மிராசுதார் ரெங்கசாமியுடையது. மருதையனின் அப்பா காலத்திலிருந்து குத்தகைக்கு உழுகிறார்கள். களத்திலேயே நெல்லை அளந்து கொடுத்துவிடுவார்கள். மிராசு வீட்டில் ரசீது கொடுக்கிற வழக்கம் கிடையாது, கேட்கிற வழக்கமும் கிடையாது. இப்போது குத்தகைக்காரர்கள் பெயரைப் பதிவு செய்யச் சட்டம் வந்திருந்தது. மருதையன் மனுப் போட்டார். மிராசுதார், இவன் குத்தகைக்காரன் இல்லை, என் பண்ணையாள், சாகுபடி நான்தான் செய்கிறேன் என்று எதிர்மனுப் போட்டார். கர்ணம் எழுதிய அடங்கல் என்ற பயிர்க்கணக்கில் எல்லா வருஷமும் ரெங்கசாமி பெயரே இருந்தது. பங்குனி பத்தாம் தேதி பாபநாசத்தில் விசாரணை. மருதையன் பெயரைச் சாகுபடியாளர் என்று எழுதிய சர்க்கார் காகிதம் இந்த உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது என் அலமாரியில் இருந்தது.

நகல் எழுதக் கால் மணி நேரம் போதும். நான் எழுந்தும்விட்டேன். அதற்குள் ஓடத்தங்குடி என்ற சொல் காதில் விழுந்து பஞ்சநதம் வெளியே வந்துவிட்டார்.

"நீதானா? வா, உக்காரு. புதுமுறையை உனக்கு யாரு சொன்னா?"

"எந்த முறைங்க?"

"ஒத்தை நாத்து. கயிறு பிடிச்சு நடவு."

"அது முறை இல்லைங்க ஐயா. நாத்து இல்லைங்க."

மருதையன் சொன்னார். ஐப்பசி வெள்ளத்தில் நாற்றங்காலில் முக்கால்வாசி அழுகிவிட்டது. ஊரில் நாற்றுக் கேட்டால் இல்லையென்று சொல்ல மாட்டார்கள். அந்த வருஷம் சொன்னார்கள். மனுப் போட்டவனுக்கு நாற்றுக் கொடுக்கக் கூடாதென்று மிராசு சொல்லியிருந்தார். வயல் தரிசாகக் கிடந்தால் பார்த்தாயா, அவன் சாகுபடியே செய்யவில்லை என்று எழுதிவிடுவார்கள். மருதையனின் மனைவி அம்சம்தான் யோசனை சொன்னாள். நாலைந்து நாற்றைச் சேர்த்து முடிச்சு முடிச்சாக நடுவதை ஒவ்வொன்றாக வைத்து, தள்ளித் தள்ளி நட்டு, எப்படியாவது வயல் முழுக்கப் பச்சையாகக் காட்டிவிடுவோம் என்றாள். கோணல் மாணலாக வைத்தால் நாற்று வரப்பு வரைக்கும் வராமல் போய்விடும் என்று கயிறு பிடித்தார்கள். இடைவெளி நிறைய இருந்ததால் களை நிறைய வந்தது. அதை அவள் மூன்று தடவை எடுத்தாள். ஒரு நாற்று இருபது, முப்பது தூர் கட்டியது.

"எங்களுக்கே ஒண்ணும் புரியலைங்க" என்றார் மருதையன்.

பஞ்சநதம் நாற்பத்திரண்டு கேள்வி கொண்ட படிவத்தை எடுத்தார். வானொலியில் வேளாண் நிகழ்ச்சி கேட்பதுண்டா? இல்லைங்க. கிராம சேவக்கைச் சந்தித்ததுண்டா? இல்லைங்க. துண்டுப் பிரசுரம் படித்ததுண்டா? படிக்கத் தெரியாதுங்க. நாற்பத்தோரு கேள்விக்கு இல்லை. நாற்பத்திரண்டாவது, இந்த முறையை ஏற்பதில் உங்களுக்கு உள்ள தயக்கம் யாது என்பது. மருதையன் என்னைப் பார்த்தார். நான் 'இல்லை' என்றே எழுதிக்கொண்டேன்.

"பாய், இவன் அஞ்சாம் படி" என்றார் பஞ்சநதம், மருதையன் அங்கே உட்கார்ந்திருக்கும்போதே. "அஞ்சாம் படிக்காரன்கிட்ட முதல்லயே எப்படி இருக்கும்? மேலேர்ந்துதான் கீழ வரணும். கீழேயே இருந்துச்சுன்னா, அப்புறம் நாம எதுக்கு? இந்த ஆபீஸ் எதுக்கு? ஜீப் எதுக்கு?"

"நகலு?" என்றார் மருதையன்.

"விவகாரம் ஆய்வுல இருக்குப்பா. ஆய்வு முடியட்டும்."

ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினோம்.

ஆய்வு என்றால் ஜீப். மாசிக் கடைசியில் பஞ்சநதம், நான், கோட்டும் பூட்சுமாக ஒரு பயிற்சி அலுவலர், மூவரும் ஓடத்தங்குடிக்குப் போனோம். வந்து சேராத முறையை ஏட்டில் ஏற்ற முடியாது. ஆகவே முதலில் அதை வந்து சேரவைப்பது என்று முடிவாகியிருந்தது. மேட்டூரை மூடி ஒரு மாதம் ஆகிவிட்டது. வாய்க்காலில் ஆடு படுத்திருந்தது. மருதையன் வயலில் உளுந்து ஒரு சாண் உயரம் வந்திருந்தது. நடவுப் பயிற்சிக்குச் சேறு வேண்டும் என்றார் பயிற்சி அலுவலர். உளுந்தைப் பிடுங்கி, குளத்திலிருந்து நாற்பது குடம் தண்ணீர் பெண்களே சுமந்து வந்து ஊற்றி, ஒரு கட்டில் அகலத்துக்குச் சேறு பண்ணினார்கள். நாற்று நாங்களே இரண்டு சட்டியில் கொண்டுபோயிருந்தோம்.

பயிற்சி அலுவலர் வரப்பில் நின்றுகொண்டு, ஒரு நாற்றை இரண்டு விரலால் பிடித்து உயர்த்திக் காட்டினார். "இதுக்குப் பேரு நாத்து."

பெண்கள் நாற்றைப் பார்த்தார்கள், அவரைப் பார்த்தார்கள். அம்சம்தான் கேட்டாள்.

"ஏங்க, இந்த வயல்ல நாங்க நட்டதைப் பாத்துட்டுதானே வந்திருக்கீங்க? எங்களுக்கே சொல்லித் தர்றீங்களா?"

"நீங்க செஞ்சது பழக்கம்மா. நாங்க சொல்றது முறை. பழக்கத்துல விளைஞ்சா எங்களால பொறுப்பு ஏத்துக்க முடியாது."

பதினோரு பெண்களிடம் கைநாட்டு வாங்கினேன், இன்று இவ்விடத்தில் இம்முறையை முதன்முதலாக அறிந்துகொண்டோம் என்று. அம்சத்தின் கட்டைவிரலில் மை வைத்தபோது, "இதுல கைநாட்டு வச்சா அந்த நகல் குடுத்துருவீங்களா பாய்?" என்றாள். ஆமாம் என்றேன். அப்போது அதை நான் நம்பித்தான் சொன்னேன்.

சாப்பாடு மிராசுதார் ரெங்கசாமி வீட்டில். அவர் வயலுக்கு வரவில்லை. முழங்கால் வலி. வடை, பாயசத்தோடு இலை போட்டார்கள். ஜன்னலில் ஒரு டிரான்சிஸ்டர் ஏதோ பாட்டுப் பாடிக்கொண்டிருந்தது. பாயசம் குடித்துக்கொண்டிருந்த பஞ்சநதம் நிறுத்திவிட்டு அதையே பார்த்தார். பிறகு கையலம்பிவிட்டு ஜன்னலிலிருந்து மருதையன் வயல் வரைக்கும் நடந்து போனார். அடியெண்ணிக்கொண்டே போனதைத் தெருவே வேடிக்கை பார்த்தது. இருநூற்றுப் பத்து அடி.

பங்குனி ஐந்தாம் தேதி தஞ்சாவூரில் கூட்டம். பொருள்: ஓடத்தங்குடி முரண்பாடு. மருதையனையும் வரச்சொல்லி, தை அறுவடையின்போது மாதிரிக்கு எடுத்துக் காயவைத்திருந்த ஒரு தூர் நெற்பயிரை வேரோடு கையில் கொடுத்து மேடை ஓரமாக நிற்க வைத்திருந்தார்கள். விசாரணைக்கு இன்னும் ஐந்து நாள். எனக்குத் தெரிந்து, அதற்குள் நகலுக்காக ஆறு தடவை வந்துபோயிருந்தார். மேலிடத்திலிருந்து வந்திருந்த துணை இயக்குநர் கோவிந்தராசு மேடைத் தமிழில் பெயர் எடுத்தவர். மாலையைக் கழற்றி வைத்துவிட்டு ஆரம்பித்தார்.

"அன்பார்ந்த அலுவலர்களே! விளைச்சல் வேறு, வளர்ச்சி வேறு. விளைச்சல் எந்த வயலிலும் வரலாம். மழை பெய்தால் கூட வந்துவிடும். வளர்ச்சி அப்படி வராது. அது திட்டமாகத் தோன்றி, ஆணையாக அரும்பி, கோப்பாகக் கனிந்து, கிராமத்தைத் தேடி வரவேண்டும். இந்த நெல் எந்தக் கோப்பிலிருந்து வந்தது? விடை இல்லை! ஆறு ஆண்டு ஆகும் என்று நாம் ஆராய்ந்து சொன்னோம். ஒரே வெள்ளத்தில் வந்துவிட்டது என்கிறார்கள். நாளை ஒவ்வொரு உழவனும் தன் வயலைத் தானே பார்த்துத் தெரிந்துகொள்ளப் புறப்பட்டால், தோழர்களே, ஏழு மாவட்டங்களில் நம் பணியிடங்களை யார் பாதுகாப்பது?"

பெரிய கைதட்டல். மருதையன் நெற்பயிரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தட்டினார்.

பஞ்சநதம் எழுந்து தீர்வைச் சொன்னார். மிராசுதார் ரெங்கசாமி வீட்டு டிரான்சிஸ்டரில் மாலை வேளாண் நிகழ்ச்சி ஒலித்திருக்கிறது. ரெங்கசாமி படித்தவர், நிலம் உடையவர், கைக்கடிகாரம் கட்டுகிறவர். ஆகவே இயல்பாகவே முன்னோடி. வயல் இருநூற்றுப் பத்தே அடி. ஐப்பசியில் அந்தத் திசையில் காற்று அடித்ததை வானிலைக் குறிப்பும் உறுதி செய்கிறது. புதுமுறை வானொலி வழியாக முன்னோடியை அடைந்து, அங்கிருந்து கீழே இறங்கியிருக்கிறது. எனவே முறை வந்த வழியில் பிழையில்லை; வந்த வேகம் மட்டுமே எதிர்பார்த்ததற்கு மேல். துணை இயக்குநர் எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

மறுநாள் என் மேஜைக்குத் திருத்தப் படிவம் வந்தது. நான்காம் கட்டம், சாகுபடியாளர் பெயர்: மருதையன் என்பதை நீக்கி, ரெங்கசாமி, முன்னோடி விவசாயி என்று எழுதவேண்டும். ஒன்பதாம் கட்டம், அறுவடையின்போது உடனிருந்த பண்ணையாள் பெயர்: மருதையன்.

"சார்" என்றேன். "அந்த ஆளுக்குப் பத்தாம் தேதி விசாரணை."

"தெரியும் பாய். நகல் கேட்டானே, இன்னைக்கே குடுத்துடுங்க. சீல் வச்சே குடுங்க. நம்ம ஆபீஸ் யாரையும் வெறுங்கையோட அனுப்பிச்சதா பேரு வேண்டாம்."

"பழைய படிவத்துலேர்ந்தா சார்?"

"திருத்தினதுக்கு அப்புறம் பழசு ஏது?"

என் வேலை நிரந்தரமாக இன்னும் நான்கு மாதம் இருந்தது. வீட்டில் என் சம்பளம் ஒன்றுதான். இதையெல்லாம் நான் இப்போது சொல்வது யாரும் என்னை மன்னிப்பதற்காக இல்லை. அன்றைக்கு இதையெல்லாம் நினைத்தேன், எழுதினேன், அவ்வளவுதான். என் கையெழுத்து நன்றாக இருக்கும். அலுவலகத்தில் முக்கியமான காகிதம் எல்லாம் என்னிடம்தான் வரும். அதையும் நன்றாகவே எழுதினேன்.

மருதையன் ஏழாவது தடவையாக வந்தார். சீல் ஈரம் காயாமல் நகலைக் கையில் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"எம் பேரு எங்கங்க இருக்கு, பாய்?"

நான் விரலை வைத்துக் காட்டினேன். ஒன்பதாம் கட்டத்தில். பெயர் இருக்கத்தான் இருந்தது. அவர் அந்த இடத்தில் தன் கட்டைவிரலை வைத்து மூடிப் பார்த்தார். பிறகு எடுத்துப் பார்த்தார்.

"நல்லா இருக்கணும் நீங்க" என்றார். இடுப்பு வேட்டியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்தார். உரக்கடையில் கொடுக்கிற பை. அதற்குள் காகிதத்தை மடிக்காமல் வைத்துக்கொண்டு போனார். செருப்பைத் தெருவில் போய்த்தான் மாட்டினார்.

விசாரணையில் என்ன நடந்தது என்று பாபநாசம் தாலுகா கச்சேரியில் வேலை பார்க்கும் ஒருவர் ரயிலில் சொன்னார். மிராசுதார் தரப்பில் பெரிய வக்கீல் வந்திருந்தாராம். வாயைத் திறக்கவேண்டிய அவசியமே வரவில்லையாம். மருதையனே முதலில் எழுந்து பையைப் பிரித்துக் காகிதத்தைக் கொடுத்தார். அதிகாரி இரண்டு தடவை படித்தார். "இது நீயே கொண்டுவந்ததுதானே?" என்றார். "ஆமாங்க, சர்க்கார் காயிதங்க" என்றார் மருதையன். மனு அன்றைக்கே தள்ளுபடி.

ஓடத்தங்குடிக்குச் சிவப்பு ஊசியை நானே குத்தினேன். ரெங்கசாமிக்கு ஆடிப்பெருக்கன்று முன்னோடி விவசாயி என்று ஒரு கேடயம் கொடுத்தோம். நாற்காலியில் உட்கார்ந்தபடியே வாங்கிக்கொண்டார். அதே மாதத்தில் எனக்கு வேலை நிரந்தரமானது. அடுத்த சம்பாவில் அந்த ஆறு மாவில் ரெங்கசாமியின் காரியஸ்தர் ஆள் விட்டு, பழையபடி முடிச்சு முடிச்சாக நட்டுவிட்டதாகக் கேள்வி. பதினோரு கலம் கண்டதாம். எங்கள் ஏட்டில் அது வராது. சிவப்பு ஊசி குத்திய ஊரில் மாதிரி அறுவடை தேவையில்லை என்பது விதி.

அந்தச் சம்பா அறுப்புக்கு முன்னால், கார்த்திகையில் ஒருநாள் மத்தியானம் அம்சம் வந்தாள். தனியாக வந்திருந்தாள். நடவுக்குப் போய்த் திரும்பியவள் போல முழங்கை வரை சேறு காய்ந்திருந்தது. எந்த வயலில் நடவு என்று நான் கேட்கவில்லை. பஞ்சநதம் அறைக் கதவு சாத்தியிருந்ததைப் பார்த்துக்கொண்டு, என் மேஜைக்குப் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினாள்.

"பாய், ஒண்ணு சொல்லிட்டுப் போவலாம்னு வந்தேன். அவரேதான் வந்திருப்பாரு, கும்பகோணத்துல மூட்டை தூக்கப் போயிருக்காரு. ஊர்ல வாத்தியாரு அந்தக் காயிதத்தைப் படிச்சுச் சொன்னாரு. நாலாவதுல வரவேண்டிய பேரு ஒம்பதாவதுல வந்துருக்காமே."

நான் மேஜையில் இருந்த ஊசி டப்பாவை மூடி வைத்தேன்.

"அவருக்கு அதுலேர்ந்து ஒரே ரோசனை. பாயி அவசரத்துல கை தவறி எழுதிப்புட்டாரு, யாராச்சும் மேல எழுதிப்போட்டா பாவம் அவரு வேலைக்கு வினை வந்துரும், புள்ளகுட்டிக்காரரு. நீ போயிக் காதோட காதா சொல்லிட்டு வந்துருன்னாரு. காயிதம் எங்ககிட்டதான் இருக்கு. வேற யாருக்கும் காட்டலைங்க. நீங்க பயப்படாதீங்க."

சேலைத் தலைப்பிலிருந்து அதே பிளாஸ்டிக் பையை எடுத்து என் மேஜையில் வைத்தாள். வேண்டுமானால் கிழித்துப் போட்டுவிடுங்கள் என்றாள்.